அவனியாபுரத்தில் விஷவாயுச் சோதனை

திருச்சியில் காலை ரயில் ஏறும்போதே என் பெட்டியைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்திருந்த சமயம். பூட்டிய மரப்பெட்டியோடு ஒருவன் வந்தால் சந்தேகம் வராதா? எனக்கென்ன, சௌகரியமாகக் கால் நீட்டிக்கொண்டேன்.

பெட்டியில் இருந்தவை விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் இரண்டு கருவிகள். ஒன்று, குச்சியில் செருகிய பச்சைத் தாள். விஷத் துளி பட்டால் அந்த இடம் சிவக்கும். மற்றொன்று கைப்பம்பு. அது காற்றை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இழுக்கும். விஷம் இருந்தால் உள்ளே இருக்கும் வெள்ளைத் தூள் நீலமாகும். குண்டு விழுந்தால் ஓடிப்போய் ஆட்களை மீட்கும் மதுரைத் தொண்டர் படைக்கு இரண்டில் எது சரிப்படும் என்று பார்த்துச் சொல்லக் கல்லூரி ரசாயனக் கூடத்திலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.

நடுப்பகலில் மதுரை. ஸ்டேஷன் எதிரே பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவனியாபுரம் மூன்று மைலுக்குச் சற்றுக் கூடுதல். குதிரை வண்டிக்காரர் ஆறணா கேட்டார்.

"பொட்டியில என்ன சாமி, குண்டா?"

"குண்டு விழுந்தால் விஷம் இருக்கிறதா என்று பார்க்கிற சாமான்."

"அப்ப விழுகும்னு முடிவே பண்ணிட்டீகளா? நல்லா வந்தீக போங்க!"

தெற்குவாசல் தாண்டியதும் வயல்வெளி. வெயில் மண்டையைப் பிளந்தது. ஊர்ப் பொட்டலில் படைத் தலைவர் அருளப்பன் காத்திருந்தார். மிஷன் பள்ளி வாத்தியார். அவர் பக்கத்தில் ஆஜானுபாகுவாகத் தங்கவேலு. ஆபத்தான இடத்துக்குள் முதலில் நுழைகிறவர் அவர்தான். பொங்கல் ஜல்லிக்கட்டிலும் முன்னால் நிற்கிற ஆளாம். கன்னம் நிறைய வெற்றிலை.

நான் பெட்டியைத் திறக்குமுன் ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நான் பேச்சி. இவரு வீட்டுக்காரி. முழுகாம இருக்கேன். மொதல்ல உள்ள போறது இவருதான். பாத்து நல்லதாக் குடுங்கண்ணே."

கல்லூரியில் கருவியின் விலையைக் கேட்டார்கள், எடையைக் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை.

பொட்டலில் இரண்டு கூரைக் கொட்டகைகள். ஆளுக்குத் தீங்கு செய்யாத, ஆனால் கருவிகளுக்குத் தெரியக்கூடிய ஒரு மருந்தை ஒன்றில் மட்டும் தெளித்துவைத்தேன். எதில் என்று யாருக்கும் சொல்லவில்லை.

தங்கவேலு தாள் குச்சியோடு முதல் கொட்டகைக்குள் போனார். போன வேகத்தில் வெளியே பாய்ந்தார்.

"செவந்துருச்சு! ஓடுங்கடா!"

படையே ஓடியது. அருளப்பன் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நான் ஓடவில்லை, ஏனென்றால் அந்தக் கொட்டகையில் மருந்தே தெளிக்கவில்லை. தாளை வாங்கி முகர்ந்தேன். சுண்ணாம்பும் புகையிலையும் மணத்தன.

"மாப்ள, இது ஓன் வெத்தலச் சாறுடா!" என்று ஒருவன் கத்த, பொட்டலே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அடுத்த கொட்டகை. புதுத் தாளை உள்ளே நீட்டித் தரையில் ஒற்றினார். சிவந்தது.

"இதுவும் நம்ம எச்சிதான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய் நடுவில் நின்று கையை ஆட்டினார்.

மருந்து அங்கேதான் இருந்தது. என் முகத்தைப் பார்த்தே பேச்சிக்குப் புரிந்துவிட்டது.

"நெசமா இருந்திருந்தா?" என்றாள்.

அருளப்பன்தான் சமாளித்தார். "தாள்தான் லேசு. பம்பு கனம். வெத்தலைய விட்டுட்டாச் சரியாப் போச்சு."

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நானும் சொல்றேன் சார். நீங்க சொல்லியா விடப்போறாரு?"

"வெத்தல போடாம மாட்டுக்கிட்டயே போகமாட்டேன், இதுக்கா போவேன்?" என்றார் தங்கவேலு, கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல்.

வெற்றிலை போடாத வீரனை நான் எங்கே போய்த் தேடுவது? இருக்கிற மனிதனுக்குத்தான் கருவி. பம்பைக் கொடுத்தேன். கன்னத்தில் புது வெற்றிலையோடு கொட்டகை வாசலில் நின்று அடித்தார். எச்சில் தெறிக்கத்தான் செய்தது, கண்ணாடிக்கு வெளியே. உள்ளே தூள் மெல்ல நீலமானது.

உற்றுப் பார்த்தார். ஓரடி பின்வாங்கினார்.

"சார், இது நம்ம வெத்தல இல்ல. நான் உள்ள போகமாட்டேன்."

"கனமா இருக்கே தங்கவேலு..." என்று இழுத்தார் அருளப்பன்.

"காளை திமில அணைஞ்ச கை சார். இதெல்லாம் ஒரு கனமா?"

பம்பு என்று முடிவாயிற்று.

சாயங்காலம் வண்டி ஏறினேன். எங்கள் ரசாயனக் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு யாரும் வரக்கூடாது. அங்கே பச்சைத் தாள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. திருச்சியிலேயே உட்கார்ந்திருந்தால் அதைத்தான் எழுதிக்கொடுத்திருப்பேன்.

பேச்சி வண்டியருகே வந்தாள்.

"இனிப் பயமில்லையாண்ணே?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "பயம் இருக்கத்தான் செய்யும் அம்மா. ஆனால் எங்கே நுழையக் கூடாது என்று இனி அவருக்குத் தெரியும்."

பொட்டலில் தங்கவேலு பம்பை யாரிடமும் கொடுக்காமல் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பேச்சி அவரையே பார்த்தாள்.

"அம்புட்டுத்தாண்ணே கேட்டேன்" என்றாள்.