மத்தேயு மாஸ்டர் கழுவி வைத்த சோதனைக்குழாய்

வாழைச்சேனையில் உயிரியல் ரியூசன் எடுக்கும் மத்தேயு மாஸ்டருக்குத் தன்னைத் தவிர எல்லோரும் மண்டையில் ஒன்றுமில்லாதவர்கள். இருபது அமினோ அமிலங்களின் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார். ஒப்புவிக்கத் தெரியாதவன் மீன் வெட்டத்தான் லாயக்கு என்பார். மீன் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் முன்வாங்கில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு பெரிய மனம் அவருக்கு.

வருடம் தவறாமல் ஒரு வித்தை காட்டுவார். முட்டை வெள்ளைக்கருவில் காரத்தையும் செப்புசல்பேற்றையும் விட்டுக் குலுக்குவார். நீலம் ஊதாவாகும்.

"ஊதா வந்தா என்ன?"

"புரதம், சேர்."

ஒருமுறை டினோஷா என்ற பிள்ளை பதில் சொல்லத் திணறினாள். "உனக்கு ஒரு முட்டையையும் விளங்கிக்க ஏலாது புள்ள," என்றார்.

இந்த வருடம் அவருடைய கால்கள் வீங்கின. சிறுநீர் நுரைத்தது. ஆசுப்பத்திரிக்குப் போகச் சொன்னாள் மனைவி மக்டலின்.

"உனக்கென்ன தெரியும்? புரதம் குறைஞ்சா வீங்கும்," என்று நாளுக்கு ஆறு முட்டை விழுங்கினார். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது.

மக்டலின் பூசைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் சிறுநீரையே குழாயில் விட்டு அதே வித்தையைச் செய்தார். நல்ல தடித்த ஊதா வந்தது. 'செப்புசல்பேற்று பழசு' என்று கொட்டிவிட்டுக் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். இருபத்தாறு வருடம் படிப்பித்த பாடத்தைத் தன் விஷயத்தில் மட்டும் நம்பாத மனிதனைக் கோழை என்றுதான் சொல்ல வேண்டும்.

முகமும் வீங்கிக் கண் பாதி மூடிக்கொண்ட பிறகு மக்டலின் அவரை ஆட்டோவில் ஏற்றினாள். ஆசுப்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலைக்கு நின்றவள் அந்தப் பழைய மாணவி டினோஷா. அவருடைய சிறுநீரைச் சூடாக்கினாள். அவித்த முட்டைபோல் வெளுத்துத் திரண்டது.

"உன்ட குழாய் ஊத்தை. ஒழுங்காக் கழுவு," என்றார் மாஸ்டர்.

டினோஷா புதுக் குழாய் ஒன்றை எடுத்து, அவர் கண்முன்னாலேயே மறுபடி சூடாக்கினாள். மறுபடி வெளுத்தது.

"என்ன புள்ள அது?" என்று கேட்டாள் மக்டலின். டினோஷா மாஸ்டரைப் பார்த்தாள்.

"புரதம்," என்றார் அவர், தரையைப் பார்த்து. "கிட்னியால ஒழுகுது. வீட்டிலயும் ஊதா வந்தது."

"எப்ப?"

"மூணு மாசத்துக்கு முந்தி."

"அப்ப தெரிஞ்சுகொண்டுதானா இவ்வளவு நாளும் என்னட்ட முட்டை அவிச்சுக் கேட்டீங்க?"

ரியூசனில் பதில் தெரியாத பிள்ளையை அவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படியே அவரைப் பார்த்தாள் மக்டலின்.