போன விமானம் திரும்பி வந்தது

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், தீபாவளி கழிந்த இரண்டாம் நாள், மதுரைக்குத் தெற்கே உள்ள விமானத் திடலில் நடந்தது இது. இன்றைக்கும் தலைக்கு மேல் எஞ்சின் சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன்.

பண்டிகைக்கு வந்திருந்த என் மகளுக்கு மறுநாள் காலை மெட்ராஸில் டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சை. அடைமழையில் பாதை உடைந்து ரயில்கள் நின்றுவிட்டன. விமானம் ஒன்றுதான் வழி. அவள் அப்பா காலமான பிறகு, ஊர் வாயை எல்லாம் தாங்கி அவளை இவ்வளவு தூரம் படிக்க வைத்தவள் நான். கடைசிப் படியில் விட்டுவிட மனமில்லை.

துணைக்கு வந்த என் தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா, இது யுத்தத்துல சிப்பாய் சுமந்த பழசு. நாலு நாற்காலியப் போட்டு, பெயிண்ட் அடிச்சுட்டா புதுசாயிருமா? கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணுக்கா."

எனக்கும் பயம்தான். நேரே விமானியிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், யுத்தத்தில் ஓட்டியவர். "உங்க கம்பெனி விமானம் எதுவும் இதுவரைக்கும் விழுந்திருக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கம்பெனி ஆரம்பிச்சே ஒரு வருஷம் ஆகலைம்மா. இருக்கிறதே மூணு விமானம். ஒண்ணும் விழலை. அதுக்காக நான் பெருமை பேச மாட்டேன்."

தைரியம் தருகிற பதில் இல்லை. இருந்தும் ஏற்றிவிட்டேன்.

விமானம் மேகத்துக்குள் மறைந்தது. நாங்கள் ஜட்கா வண்டியில் ஏறப் போகும்போது மறுபடி சத்தம். அதே விமானம் தாழ வந்துகொண்டிருந்தது. இடது இறக்கையில் விசிறி சுற்றாமல் நின்றது. மீனாட்சித் தாயைக் கும்பிட்டபடியே திடலுக்குள் ஓடினேன். சக்கரம் தரையைத் தொட்டு, ஓடி, நின்றது.

மகள் வெளுத்த முகத்தோடு இறங்கி வந்தாள். தம்பி அவள் பெட்டியை வாங்கிக்கொண்டான். "கிளம்புனது திரும்புனா அபசகுனம்க்கா. வீட்டுக்குப் போவோம். பரீட்சைய அடுத்த தடவ எழுதட்டும். அம்புட்டு என்ன அவசரம்?"

விமானி எங்களிடம் வந்தார். "எண்ணெய் ஒழுகுச்சும்மா, அதான் அந்த எஞ்சின நிறுத்திட்டேன். இன்னொண்ண வச்சே போயிருக்கலாம். ஆனா திடல் பக்கத்துல இருக்கும்போது எதுக்கு வம்புன்னு திரும்பிட்டேன். குழாயை மாத்திட்டு மத்தியானம் கிளம்புவோம்."

விழுந்ததா என்று கேட்ட எனக்கு, திரும்பி வரத் தெரியுமா என்று கேட்கத் தோன்றவில்லையே!

"நீ என்ன சொல்ற?" என்று மகளிடம் கேட்டேன்.

"பயமாத்தாம்மா இருக்கு. ஆனா இவரு ஓட்டுனா போறேன்."

கிளம்பியவர் திரும்பினால், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். கூஜாவைத் திறந்து முதலில் அவளுக்குக் கொடுத்தேன். அடுத்த டம்ளரை விமானியிடம் நீட்டினேன். "நீங்களுந்தானே திரும்பி வந்தீங்க? உக்காந்து குடிங்க."

இறக்கை நிழலில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, முழுவதையும் குடித்தார்.

"அந்த எஞ்சினுக்கும் ரெண்டு மடக்கு ஊத்துக்கா" என்றான் தம்பி. மகள் அப்போதுதான் சிரித்தாள்.

மத்தியானம் போனவர்கள் திரும்பவில்லை. சேர்ந்துவிட்டதாகப் பொழுது சாயத் தந்தி வந்தது. அதுவரை நான் அந்தத் திடலை விட்டு நகரவில்லை, தம்பியும்தான்.

என் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் கிளம்பிப் போனவர் யாராவது பாதியில் திரும்பி வந்தால், இப்போதெல்லாம் நல்ல வேளை என்று சொல்லிக்கொண்டேதான் தண்ணீர் மொள்ளப் போகிறேன்.