மாப்பிள்ளையைத் தொடாத பந்து

எங்கள் தம்பியார் எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவரை அறிந்த உற்றார் உறவினர் கைகளில் இம்மலரை வைக்கிறோம். எனக்கு இளையவரைப் பற்றி நான் எழுத நேர்ந்தது இயற்கையின் வரிசைக்கு மாறானது. ஆயினும் குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையிலும், நிகழ்ந்தவற்றை உடனிருந்து கண்டவன் என்ற முறையிலும் இப்பொறுப்பை நானே ஏற்றேன்.

காமயகவுண்டன்பட்டியில், வாய்க்காலை ஒட்டிய எங்கள் பூர்வீக வீட்டில் தம்பியார் பிறந்தார். அவருக்கு இளையவர் எங்கள் ஒரே தங்கை. தந்தையார் எங்கள் சிறு வயதிலேயே மலைக்காய்ச்சலால் காலமானார். நிலத்தைப் பார்க்க ஓர் ஆண்மகன் வேண்டியிருந்தது. நான் மதுரைக்குக் கல்லூரிக்குச் சென்றேன். தம்பியார் பள்ளிப் படிப்போடு நின்று நெல்லையும் தென்னையையும் கவனித்துக்கொண்டார். அதை எவரேனும் தியாகம் என்று புகழ்ந்தால், "ஒருத்தர் படிச்சா ஒருத்தர் பாக்கணும்ல" என்று பேச்சை முடித்துவிடுவார். வாய்க்காலில் தம் முறை முடியுமுன்னரே மடையை அடைத்து அடுத்தவருக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவது அவருடைய வழக்கம். கடைமடைக்காரர்கள் இன்றும் இதைச் சொல்வார்கள்.

அவரைப் பற்றி வேறொரு பேச்சும் ஊரில் உண்டு. தம்பியாரும் நாங்களும் ஒரு பந்தாட்டத்தில் எதிராளியைத் தொடாமலே தொட்டதாகச் சொல்லி வென்றோம் என்பது அப்பேச்சு. சென்ற ஆண்டு துக்க வீட்டிலேயே சிலர் அதை வேடிக்கையாகச் சொல்லக் கேட்டேன். மறைந்தவர் மறுமொழி கூற இயலாது. ஆகவே நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

கல்லூரியில் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் தம் நாட்டின் தளப்பந்தாட்டத்தை எங்களுக்குக் கற்பித்தார். பட்டம் பெற்றுத் திரும்பிய நான் அதை ஊருக்குக் கொண்டுவந்தேன். அறியாதோர்க்காகச் சில வரிகள். ஆடுகளம் ஒரு சதுரம். மட்டையால் பந்தை அடித்தவர் மூன்று மூலைகளைச் சுற்றிக்கொண்டு அடித்த இடத்துக்கே திரும்பினால் ஒரு புள்ளி. அந்த நான்காம் மூலைக்கு 'வீடு' என்றே பெயர். முதல் மூன்று மூலைகளையும் அவற்றின் இடைவெளியையும் காத்து நிற்கும் நால்வர் உட்களத்தார். ஓடுபவர் மூலையை விட்டு வெளியே இருக்கும்போது, பந்தைப் பிடித்த கையால் அவரைத் தொட்டால் அவர் ஆட்டமிழப்பார்.

அமெரிக்காவில் புகழ்பெற்ற உட்களங்களைப் பற்றிப் பேராசிரியர் எங்களுக்குப் பத்திரிகைகளிலிருந்து வாசித்துக் காட்டுவார். சிறந்த உட்களம் எதுவென்று அங்கே ஓயாத வாதம் நடக்குமாம். ஒருவர் வேகமாக எறிவதோ ஒருவர் பாய்ந்து பிடிப்பதோ அதற்கு அளவுகோலன்று. ஒருவர் அசையும்போதே மற்ற மூவரும் தத்தம் இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அந்த அளவுகோலால் அளந்தால் எங்கள் நால்வரையும் அவ்வரிசையில் வைக்கத் தயங்க மாட்டேன். முதல் மூலையில் நான், இரண்டாம் மூலையில் பெரியப்பாவின் மகன், மூன்றாம் மூலையில் அத்தை மகன். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே, பந்து மிகுதியாக வரும் இடத்தில் தம்பியார். அறுவடை முடிந்த வயலே எங்கள் களம். அறுத்த நெல்தாளில் பட்ட பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று எவராலும் சொல்ல இயலாது. கையுறை கிடையாது. அப்பந்துகளைத் தம்பியார் வெறுங்கையால் நெஞ்சுக்கு நேரே ஏந்துவதைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

தங்கையைச் சின்னமனூரில் கொடுத்திருந்தோம். அவ்வூரிலும் என் கல்லூரித் தோழர் ஒருவர் அணி அமைத்திருந்தார். அதில் மிக வேகமாக ஓடக்கூடியவர் எங்கள் மாப்பிள்ளை. மணமான ஆண்டிலேயே, தலைத் தீபாவளிக்குச் சற்று முன், இரண்டு ஊர்களுக்கும் எங்கள் வயலில் ஆட்டம் ஏற்பாடாயிற்று. அப்போதுதான் ஒரு சங்கடம் எழுந்தது. எங்கள் பந்தைக் கம்பத்தில் செருப்புத் தைக்கும் ஒருவர், செருப்புக்கு வெட்டிய தோலின் மிச்சத்தில் தைத்துக் கொடுத்திருந்தார். அதை அவர் தாமாகப் பிடிப்பது வேறு; அத்தோலால் நாங்கள் வீட்டு மாப்பிள்ளையைத் தொடுவதை, அதுவும் அவர் தாயார் பார்த்திருக்க, எங்கள் பக்கத்தில் எவரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆட்டத்துக்கு முதல் நாள் சோறு போடும்போது எங்கள் தாயார் சொன்னார்: "ஏலே, மாப்பிள்ளைய அந்தத் தோலால தொட்டீகன்னா வீட்டுப் பக்கம் வராதீக."

"அப்பத் தோத்துட்டு வரவா ஆத்தா?" என்றார் தம்பியார்.

"அப்பவும் வராதீக."

ஆட்டத்துக்கு நடுவராகப் பேராசிரியரே மதுரையிலிருந்து வந்திருந்தார். தங்கையும் அவர் மாமியாரும் வண்டியில் அமர்ந்து பார்த்தார்கள். அன்று காலை தண்ணீர் முறை வந்துவிட்டதால் வரப்புக்கு அப்பால் இருந்த வயலில் நீர் பாய்ந்திருந்தது. மூலைகளுக்கு அப்பால் நிற்கும் எங்கள் வெளிக்களத்தார் முழங்கால் சேற்றில் நின்றே ஆடினார்கள். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தோம். எதிரணியில் இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் வெற்றி. முன்னரே அடித்துவிட்டு ஓடி இரண்டாம் மூலையில் நின்றவர் மாப்பிள்ளை. அவர் வீடு சேர்ந்தால் ஆட்டம் சமன்.

அடுத்தவர் அடித்த பந்து தாளில் பட்டு உயரத் துள்ளி, அடித்தவர் முதல் மூலையைச் சேர்ந்த பின்னரே தம்பியாரின் கைக்கு வந்தது. மாப்பிள்ளை மூலையை விட்டுப் பாதி தூரம் வந்திருந்தார். இருவருக்கும் இடையே ஒரு கை நீளம்தான். தொட்டால் ஆட்டம் முடிந்தது. தங்கையின் வாழ்வு என்னாகும் என்பது தெரியாது. தம்பியார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பந்தை அத்தை மகனிடம் எறிந்தார். மாப்பிள்ளை திரும்பி ஓடினார். அத்தை மகனும் தொடவில்லை; பந்து இரண்டாம் மூலைக்குப் போயிற்று. நானும் முதல் மூலையை விட்டு மாப்பிள்ளைக்குப் பின்னால் வந்து நின்றேன். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வோர் எறிதலுக்கும் நாங்கள் ஓரடி நெருங்கினோம். பந்து அவரைச் சுற்றிச் சுற்றி வந்ததேயன்றி அவர் மேல் படவில்லை.

"என்ன மாப்ள, கிடையில ஆட்ட மடக்குற மாதிரி மடக்குறாக!" என்று சின்னமனூர்ப் பக்கமிருந்து ஒருவர் கத்தினார்.

நெருக்கம் தாளாமல் மாப்பிள்ளை வரப்பைத் தாண்டிக் குதித்தார். சேறு முழங்காலுக்கு மேல் ஏறியது. தொடவரும் கைக்குத் தப்ப ஓடுபாதையை விட்டு விலகியவர் ஆட்டமிழந்தவர் என்பது அவ்வாட்டத்தின் விதி. அதன்படியே நடுவர் கையை உயர்த்தினார்.

"என்னைய யாரு தொட்டா? தொட்டவுகளக் கையத் தூக்கச் சொல்லுங்க!" என்று மாப்பிள்ளை சேற்றில் நின்றே கேட்டார். ஊர்ப்பேச்சு பிறந்தது அக்கேள்வியிலிருந்துதான். நாங்கள் தொட்டதாக ஒருபோதும் சொல்லவில்லை. நடுவரும் அவ்வாறு சொல்லவில்லை. விதி ஒன்று உண்டு, அதன்படி வென்றோம்.

ஆனால் மரியாதை என்று நாங்கள் கருதியது சின்னமனூரில் அவமரியாதையாகப் போய்ச் சேர்ந்தது. 'ஆட்டு மாப்பிள்ளை' என்று அவர் ஊரார் கேலி செய்யத் தொடங்கினர். தலைத் தீபாவளிக்கு அழைக்கச் சென்றவர்களிடம், மாப்பிள்ளை தாமும் வரப்போவதில்லை, தங்கையையும் அனுப்பப்போவதில்லை என்று சொல்லி அனுப்பினார். தாயார் அடுப்பு மூட்டாமல் இருந்தார்.

தாமே போவதாகத் தம்பியார் சொன்னார். நியாயம் நம் பக்கம் இருக்கையில் நாம் படியேறிச் செல்வது குடும்பத்துக்கு இழுக்கு என்று நான் தடுத்தேன்.

"நியாயம் நம்ம பக்கந்தான்ணே. தங்கச்சி அவுக பக்கம்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, பந்தை மேல்துண்டில் முடிந்துகொண்டு புறப்பட்டார்.

அங்கே நடந்ததைத் தங்கை வாயிலாக அறிந்தேன். மாப்பிள்ளை தம்பியாரை உட்காரச் சொல்லவில்லை. "தொட்டிருந்தா ஆட்டம்னு போயிருப்பேன் மச்சான். நாலு பேரும் கைய மடக்கிக்கிட்டீக. என்னையத் தொட்டாக் கை கூசுதோ?" என்று கேட்டாராம்.

தம்பியார் முடிச்சை அவிழ்த்துப் பந்தைத் தரையில் வைத்தார். "இது செருப்புத் தைச்ச மிச்சத் தோலு மாப்பிள்ள. இத உங்க மேல வச்சுட்டு, இந்த வீட்டுல நான் எப்படிக் கை நனைப்பேன்?"

மாப்பிள்ளை குனிந்து பந்தைப் பார்த்தார். பிறகு உள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது: "ஆத்தா, ஒங்கண்ணனுக்கு இலையப் போடு."

அவ்வாண்டு தீபாவளிக்கு மாப்பிள்ளையும் தங்கையும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். பந்து மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

பின்னாளில் அணி கலைந்தது. தம்பியார் மணம் முடித்து, இரு புதல்வியரைப் பெற்று, இருவருக்கும் நல்ல இடத்தில் திருமணம் செய்துவைத்தார். போர்க்காலத்தில் அரிசி அரிதானபோது தம் பத்தாயத்தைத் தெருவுக்கே திறந்துவிட்டார். சென்ற ஆண்டு இருதயம் நலிந்து படுக்கையில் விழுந்த பின்னரும், வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

கம்பத்திலிருந்து நாள்தோறும் வந்து பார்த்த மருத்துவருக்கும், இறுதிச் சடங்குகளுக்குப் பந்தலிட்டு உணவளித்த தெருவாருக்கும், அவர் வயலைத் தம் வயலாக எண்ணி நடவு முடித்துக் கொடுத்த கடைமடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. அத்தை மகனும் பெரியப்பாவின் மகனும் என்னோடு பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொன்னால் ஏற்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தனியே சொல்கிறேன். கடைசி நாட்களில் அவர் சின்னமனூரை விட்டு வந்து, தம்பியாரின் கட்டிலருகே ஒரு பக்கத்தில் அமர்ந்திருந்தார், மறுபக்கத்தில் நான். ஒருநாள் பிற்பகலில் இடுப்பிலிருந்து அந்தப் பழைய பந்தை எடுத்துத் தம்பியாரின் கையில் வைத்தார்.

"அன்னைக்குத் தொடல. இப்பத் தொட்ருங்க மச்சான். நான் ஓடல."

தம்பியார் பந்தைச் சிறிது நேரம் உருட்டிப் பார்த்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். காலியான கையால் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பற்றினார்.

"பந்து அண்ணங்கிட்ட இருக்கு. வெறுங்கை பட்டா அவுட்டு இல்ல மாப்பிள்ள. நில்லுங்க."

மாப்பிள்ளை இறுதிவரை நின்றார். அதற்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பந்து என்னிடம் இருக்கிறது.