மாமா அடித்த தந்தி

போடிநாயக்கனூரில் எங்கள் தெருவுக்கு வந்த இங்கிலீஷ் தந்திகளையெல்லாம் படித்துச் சொன்னவன் நான்தான்.

பொய். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். தந்திக்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி ஓடி மூன்று வார்த்தைகளின் உருவத்தை மட்டும் மனதில் பிடித்து வைத்திருந்தேன். முதலில் பாம்பு நெளிந்து, குட்டையாக முடிந்தால் சிக். நீளமாக, இரண்டு முனையிலும் பாம்பு நெளிந்தால் சீரியஸ். பெருக்கல் குறி இருந்தால் எக்ஸ்பயர்டு.

இந்த மூன்றுக்கும் ஊரில் எல்லோருக்கும் ஒரு அர்த்தம் என்றால், எங்கள் தெருவுக்கு வேறு. செத்தவரைச் செத்தார் என்று யாரும் தந்தியில் சொல்லமாட்டார்கள். பஸ் ஏறி வருகிறவர் வழியிலேயே விழுந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் செத்தவருக்குச் சீரியஸ். இழுத்துக்கொண்டு கிடப்பவருக்குச் சிக். வெறும் காய்ச்சல்காரருக்குத் தபால் கார்டே அதிகம். பெருக்கல் குறி போடுகிறவர்கள் இங்கிதம் தெரியாதவர்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் வீட்டுக்கே ஒரு தந்தி வந்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த அத்தை வீட்டிலிருந்து. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அவர் மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமனான அப்பா வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று மாமா, அதாவது அத்தையின் கணவர், பிள்ளையை வேறொருவர் மடியில் உட்காரவைத்துவிட்டார். தன் மடி காலியாக இருக்கக் காது குத்திய வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லித் திரும்பியவர்தான் அப்பா. ஐந்து வருஷமாகப் போக்குவரத்து இல்லை. அத்தை வரமாட்டார். வந்தால் அப்பா பேசமாட்டார்.

"உங்க மாமாவப் பத்தி" என்று மட்டும் சொல்லித் தந்திக்காரர் நீட்டியதை நான்தான் பிடுங்கினேன்.

"சிக்காத்தேன் இருக்கும். நல்லாப் பாருடா" என்றார் அம்மா.

"இல்லம்மா. ரெண்டு பக்கமும் பாம்பு நெளியுது."

அம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டு அலறினார். அப்பா அலறவில்லை. சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். சாவுக்குப் பகை பார்க்கக் கூடாது. தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை போயாக வேண்டும். சேலை வந்தது. ஒரு ஆள் உயர மாலையும் வந்தது. ஜீப்பில் மாலை என் மடியில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சம்பங்கி என் மூக்கில் ஏறியது. எனக்குத் தும்மல், பக்கத்திலிருந்தவர்கள் பையன் தேம்புகிறான் என்று தட்டிக்கொடுத்தார்கள்.

"கடைசியா ஒரு வார்த்த பேசலயேடா மாப்ளே" என்று அப்பா மலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சாவுக் கொட்டுச் சத்தம் இல்லை. அம்மா வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினார். கதவைத் திறந்தது அத்தை. நெற்றியில் குங்குமம், தலையில் பூ, கையில் கஞ்சிக் கரண்டி. அத்தையின் கண் அப்பா கையிலிருந்த கோடிச்சேலையில் விழுந்தது. கரண்டி கீழே விழுந்தது. அம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்ற மாதிரி அதற்கப்புறம் எதுவும் நின்று நான் பார்த்ததில்லை. அப்பா சேலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் மாலையை மறைக்கப் பார்த்தேன். மாலைதான் என்னை மறைத்தது.

உள்ளே கட்டிலில், மரம் விழுந்து நசுங்கிய காலில் கட்டுப்போட்டு, மாமா உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மச்சான். மாலை பெருசா இருக்கே. எனக்கா?"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "தந்தி எழுதிக் குடுத்த தோட்டத்து ரைட்டர் எங்கடா? சீரியஸுன்னு அடிச்ச கைய ஒடிக்கிறேன்."

"ரைட்டரு மலையாளத்துக்காரர். பாவம், சிக்குன்னுதேன் எழுதினாரு. நாந்தேன் அத அழிச்சிட்டுச் சீரியஸுன்னு போடச் சொன்னேன்." மாமா சிரிக்கவில்லை. "சிக்குக்கு நீங்க வருவீகளா? இவ அஞ்சு வருசமா அடிவாரத்து ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறா."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப மாமா எப்பச் சாவாரு?" என்று கேட்டேன். அம்மா கொடுத்த அறையில் மூன்று வார்த்தையும் மறந்துபோயிற்று.

அத்தை அந்தச் சேலையை வாங்கி அப்படியே அடுப்பில் வைத்தார். புதுச்சேலை எரிகிறதே என்று நான்தான் பதறினேன். அப்பா, மாமாவின் நல்ல காலைப் பிடித்துக்கொண்டு, ஜீப்பில் அழாததையெல்லாம் அழுதார்.

சாயங்காலம் கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த தடவ சிக்குன்னே போடுடா. இல்ல, ஒரு கார்டு போடு. வந்துர்றேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய வார்த்தை போட்டால்தானே ஜீப், மாலை, புதுச்சேலை எல்லாம்? சின்ன வார்த்தையைக் கேட்டு வாங்குகிற அப்பாவைப் பார்த்து, இவர் என்னைவிடப் படிக்காதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது. தமிழில்தான், மாமா கையெழுத்து. ஒரே வரி: 'வாங்க மச்சான்.' அப்பா செருப்புக்கூடப் போடாமல்…

களத்திலிருந்து என் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள்: "யோவ், மழ வருது! ஏலக்கா நனையுது, அங்க என்ன எழுதிக் கிழிக்கிற? வெரசா வா!"

இந்தா வர்றேன் ஆத்தா.