இரண்டே முக்கால் மணி நேரம்

மூன்று வருடங்களுக்கு முன், மைசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் டிராவல்ஸ் கடையில் நடந்தது இது. விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று யார் கேட்டாலும், கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று காலை கடை திறக்கப் போனபோது, தமிழர்கள் வாழும் மலையோரக் கிராமமான மார்டள்ளியைச் சேர்ந்த விவசாயி ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். மைசூரில் நர்ஸாக இருந்த அவர் மகளுக்கு லண்டனில் வேலை கிடைத்திருந்தது. டிக்கெட் போட்டது நான்தான். விடியற்காலை மூன்று மணிக்கே அவளை பெங்களூர் ஏர்போர்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஊருக்குத் திரும்ப மனம் வராமல் என்னிடம் வந்துவிட்டார்.

"ஏனுங்க சார், புள்ள இப்ப எங்க போயிட்டிருக்கும்?"

விமானம் இப்போதுதான் கிளம்பியிருக்கிறது, டெல்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் என்றேன். "எங்கூர்ல இருந்து இங்க வரவே எனக்கு நாலு மணி நேரம் ஆச்சுங்க" என்று சிரித்தார். அவருக்கு வழியைக் காட்டலாமே என்று மகளின் டிக்கெட்டைத் திறந்தேன். அப்போதுதான் என் தவறு கண்ணில் பட்டது.

நேரம் தோதாக இருக்கிறதென்று டெல்லி வரை ஒன்று, அங்கிருந்து லண்டனுக்கு ஒன்று எனத் தனித்தனி டிக்கெட் போட்டிருந்தேன். அதை மறந்துவிட்டு, "டெல்லியில் பெட்டியைத் தேடாதே, நேராக லண்டன் வந்துவிடும்" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்கு மாறும்; இப்போது அது டெல்லியோடு நின்றுவிடும். கையில் வைத்தால் தொலைந்துவிடும் என்று சர்டிபிகேட்டுகளை அதில் வைக்கச் சொன்ன புத்திசாலியும் நானேதான். அவை இல்லாமல் வேலையில் சேர முடியாது.

அவளுக்குப் போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப்.

விமானம் போகும் வழியைக் காட்டும் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டேன், அவர் நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். விமானம் ஹைதராபாத்தைத் தாண்டியது. "என்ன வேகமுங்க!" என்றார். எனக்கோ அது நகரவே இல்லை. வெளியே போய் டீ குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் நாக்பூர்கூட வரவில்லை. மறுபடியும் போனேன். சொல்லிவிடலாம் என்று நான்கைந்து முறை வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. மகள் மறந்துவிட்டுப் போன பிஸ்கட்டை எனக்கும் கொடுத்தார். அதை அப்படியே மேஜையில் வைத்தேன்.

விமானம் இறங்கியதும் விடாமல் போன் அடித்தேன். கடைசியில் எடுத்தாள்.

"பெட்டிய எடுத்தியாம்மா?"

"நீங்கதான தேட வேண்டாம்னீங்க அண்ணா? வெளிய போற வாசல்கிட்ட வந்துட்டேன்."

"போகாத, திரும்பு!" என்று கத்தினேன். வெளியே போய்விட்டால் திரும்ப விடமாட்டார்கள். போனை வைக்காமல் ஓடினாள். பெட்டி கிடைத்தது. அடுத்த டெர்மினலுக்குப் போய், லண்டன் விமானத்தின் கவுன்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது பெட்டியைக் கொடுத்தாள்.

அதன் பிறகுதான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தப்பு என்னுடையது என்று தலைகுனிந்து சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மொதல்லயே சொல்லீருந்தா நானும் உங்ககூடச் சேந்து பயந்திருப்பனுங்களே சார். ஒத்தையா எதுக்கு இத்தன நேரம்?" என்றார்.

இப்போதும் யாராவது எத்தனை மணி நேரம் என்று கேட்டால், மகளை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த அந்த மனிதரை விட்டு, ஒரே மேஜையில் நான் எவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.