பத்தரை மணிச் சங்கும் ஒரு வெற்று மெத்தையும்

ஊழியர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரை செய்யும் முன் அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்க வேண்டும். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் இது பொருந்தும். ஆம்பூர் நெடுஞ்சாலையில் நான் பயிற்சி பெற்ற ஓட்டலின் பணியாளர் கையேட்டில் இப்படித்தான் இருக்கிறது. அதை அச்சடித்தவர்கள் படித்திருக்கக்கூடும். வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் நல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் விருந்தோம்பல் துறைக்கான மனிதவள மேலாண்மையில் டிப்ளமோ சேர்ந்தேன். வேலூரில் மாலை வகுப்பு. என் மனைவி தடுக்கவில்லை. "வீட்ல இருந்தா என்னைத்தான் மேனேஜ் பண்ணுவீங்க. போய்ட்டு வாங்க" என்றாள்.

பாடத்திட்டத்தின் கடைசிப் பகுதி களப்பயிற்சி. ஓட்டலின் மனிதவள அதிகாரி என் மகளைவிட இளையவள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாள் அவளுக்குப் பெரிய குழப்பம். 'அங்கிள்' என்று ஆரம்பித்து, பாதியில் 'சார்' ஆக்கிக்கொண்டாள். எனக்கு ஒரு மேசையும் கையேட்டின் ஒரு பிரதியும் கொடுத்தாள். வேறு வேலை எதுவும் கொடுக்காததால் கையேட்டைப் படித்தேன்.

ஓட்டலுக்கு எதிரே ஒரு ஷூ தொழிற்சாலை. அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள் நால்வரும் முன்பு அங்கே ஷூவின் மேல்பாகம் தைத்தவர்கள். காலை பத்தரைக்கு அங்கே டீ இடைவேளைக்குச் சங்கு ஊதும். ஊதினால் வரிசை முழுக்க எந்திரம் நிற்கும், எல்லோரும் ஒன்றாக எழுவார்கள். விருந்தோம்பலில் அப்படிக் கிடையாது; இடைவேளையை முறை வைத்து எடுக்க வேண்டும், சேவை நிற்கவே கூடாது என்று எங்கள் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. எதிர்வீட்டுச் சங்கு பற்றி அதில் ஒன்றும் இல்லை.

டிசம்பரில் ஒரு நாள் இத்தாலியிலிருந்து காலணி வாங்க வந்த ஒருவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அறை தயார் என்று நினைத்து வரவேற்பில் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். கதவு திறந்திருந்தது. தள்ளுவண்டி வாசலை அடைத்து நின்றது. மெத்தை மேல் விரிப்பு இல்லை, குளியலறையில் துண்டு இல்லை, தளம் முழுக்க ஓர் ஆள் இல்லை. அவர் வெற்று மெத்தை மேல் உட்கார்ந்து காத்திருந்தார். பத்தரைச் சங்கு கேட்டு எழுந்துபோன நால்வரும் பின்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் விலை பேச வந்திருந்தது அந்தச் சங்கு ஊதிய தொழிற்சாலையோடுதான்.

நால்வரில் மூவர் நிரந்தரம். அவர்கள் மீது நடவடிக்கை என்றால் விசாரணை வேண்டும். நாலாமவர் தகுதிகாண் காலத்தில் இருந்தார். அவருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். 'பணி நிரந்தரம் செய்ய வேண்டாம்' என்று சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அன்று மாலையே பரிந்துரை போய்விட்டது.

நாற்பதைத் தாண்டிய பெண். ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காததால் தையலை விட்டவர். திரும்பிப் போனாலும் தொழிற்சாலையில் எடுக்க மாட்டார்கள். அந்த வயதில் யாரை எடுப்பார்கள், யாரை மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அது என் உத்தியோகமாக இருந்தது.

கையேட்டைத் திறந்து அதிகாரியின் முன் வைத்தேன்.

"ப்ரொபேஷன்ல இருக்கறவங்களுக்கு எதுக்கு சார் எக்ஸ்ப்ளனேஷன்?"

"படிங்க. உங்க ஓட்டல் புஸ்தகம்தான்."

இரண்டு முறை படித்தாள். விளக்கம் கேட்டு ஒரு தாள் தயாரானது. அந்தப் பெண் என் மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினார். 'சங்கு ஊதினது. எல்லாரும் போனோம். நானும் போனேன். துண்டு வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.'

"பழக்க தோஷத்தால், நெடுங்காலப் பணியின் காரணமாக, அப்படின்னு ஒரு வரி சேர்த்துக்கலாமேம்மா" என்றேன்.

"வேணாம் சார். இதுவே ஜாஸ்தி."

விளக்கம் சென்னைக்குப் போனது. பரிந்துரையை மறுபரிசீலனை செய்யும்படி அதிகாரி ஒரு வரி சேர்த்திருந்தாள். பதில் இல்லை. மார்கழி பாதி போனது. தினமும் காலையில் வண்டியை என் கதவோரம் நிறுத்திவிட்டு அந்தப் பெண் எட்டிப் பார்ப்பார். "இன்னா சார், எதனா வந்துச்சா?"

இந்த நேரத்தில் கையேட்டின் கடைசிப் பக்கங்களுக்கு வந்து சேர்ந்தேன். தகுதிகாண் காலத்தின் இறுதி நாளுக்குள் எழுத்து மூலம் மறுப்பு கிடைக்காவிட்டால் ஊழியர் நிரந்தரமானவராகவே கருதப்படுவார். அவருடைய இறுதி நாள் மாட்டுப் பொங்கல். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப பதில் வரக் கூடாதுன்றீங்களா?"

"அதுவரைக்கும் வராம இருந்தா நல்லது."

"நல்லா சொன்னீங்க போங்க. சீக்கிரம் வரணும்னு நேத்து கூட ஏசப்பா கிட்ட அழுது கேட்டேன். இப்ப போயி மாத்திச் சொன்னா இவளுக்கு இன்னாதான் வேணும்னு கேப்பாரு."

"லேட் பண்ணச் சொல்லுங்க. அது ஆபீஸுக்குப் புதுசு இல்ல."

என் பணிக்காலம் முழுவதும் தாமதத்தைக் கண்டித்துக் குறிப்பு எழுதியவன், அந்த இரண்டு வாரமும் ஒரு தலைமை அலுவலகம் தன் வழக்கப்படியே இயங்க வேண்டும் என்று விரும்பினேன். அதிகாரியிடம் ஒரு நாள் மெல்லக் கேட்டேன்: "ரிமைண்டர் எதனா போட்டீங்களா?"

அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போடணுமா சார்?"

"போடணும்னு எங்கியும் எழுதல."

"அப்ப விடுங்க."

அவள் தேறிவிடுவாள் என்று அப்போது நினைத்தேன்.

போகியன்று மாலை சென்னை அலுவலகம் பூட்டியது. ஓட்டலுக்குப் பூட்டு கிடையாது. பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் அந்தப் பெண் வேலைக்கு வந்தார், அறைகளுக்கு விரிப்பு மாற்றினார், என் கதவருகே வந்தபோது மட்டும் எதுவும் கேட்காமல் வேகமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதிகாரி இரண்டு நாளும் சாயங்காலம் கிளம்பும் முன் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தலையை இடவலமாக ஆட்டினாள்.

பரிந்துரை ஏற்கப்பட்டது, மேற்படி ஊழியரைத் தகுதிகாண் காலம் முடியும் முன் விடுவிக்கவும் என்று தலைமை அலுவலகத்தின் பதில் வந்தது. அது வந்த நாள், காணும் பொங்கலுக்கு மறுநாள்.