அரைஞாணை அவிழ்த்துவிட்டு மதராஸுக்கு

மூத்திரப்பையில் புற்று என்று தெரிந்தபின், இந்தத் தை மாதம் தொடங்கி ஐந்து வாரம் மாமல்லபுரத்திலிருந்து மதராஸுக்குக் கதிர் சிகிச்சைக்குப் போய்வந்தேன். இதே வழியில் போகவேண்டியவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன். நான் சொல்வதும் டாக்டர் சொல்வதும் வேறுபட்டால் டாக்டரையே நம்புங்கள்.

காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பதினெட்டு மைல், ஒரு மணி நேரம். அங்கிருந்து எழும்பூருக்கு ரயிலில் ஒன்றரை மணி. வலப்பக்கம் உட்கார்ந்தால் கொளவாய் ஏரி தெரியும்; சிறிது நேரம் நோய் மறக்கும்.

தனியாகப் போகப் பயந்தேன். பக்கத்து வீட்டு மளிகைக்கடை காசிம் பாய், சரக்கு வாங்கப் போவதாகச் சொல்லிக் கூடவே வந்தார். வாரம் ஐந்து நாளும் என்ன சரக்கு என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் காத்திருந்தவருக்குத் தொடையிடுக்கில் தோல் வெந்து, சிகிச்சையை நிறுத்தி வைத்திருந்தார்கள். நடுவில் நின்றால் நோய்க்குத் தெம்பு வந்துவிடும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். என் தோல் தாங்குமா என்பதே பிறகு என் ஒரே கவலை.

உள்ளே, கதிர் பாய்ச்சும் கோபால்ட் இயந்திரத்தை இயக்குபவர் என் இடுப்பைப் பார்த்தார். வெள்ளித் தாயத்து கோத்த அரைஞாண் கயிறு.

"அத்த அவுத்துடுங்க பெரியவரே. கதிரு தோலத் தாண்டி உள்ள போய்த்தான் முழுசா வேல செய்யணும். மேல எதுனா கீதுன்னா, அந்த வேகம் தோல் மேலயே எறங்கிடும்."

முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாக நான்கு பக்கம் பங்கிட்டுக் கொடுப்பதும் தோலுக்குச் சுமை குறையத்தான் என்றார். எனக்குப் புரிந்தது. ஆனால் கை எழவில்லை. புதுக்கயிறு கட்டாமல் பழையதை எடுப்பது எங்கள் வீட்டில் சாவன்று மட்டும்தான். சற்று வெளியே போய்வருவதாகச் சொல்லி, பாயிடம் வந்து விஷயத்தைச் சொன்னேன்.

பாய் கையை நீட்டினார். "குடுங்க ஸார், நான் வச்சிக்கினு இங்கயே நிக்கிறேன். எமன் வந்து கேட்டா என்னுதுன்னு சொல்றேன். பாய் வூட்டு ஆளுக்கு ஏதுடா அண்ணாக்கயிறுன்னு அவனே கொழம்பிப் பூடுவான்."

சிரித்துக்கொண்டே அவிழ்த்தேன். பயம் போகவில்லை; அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஐந்து வாரத்தில் தோல் சிவந்து கறுத்தது, வெடிக்கவில்லை. சிகிச்சை ஒரு நாளும் நிற்கவில்லை.

போகிறவர்கள் தளர்ந்த பருத்தி வேட்டி கட்டுங்கள். கதிர் படும் இடத்தில் பவுடர், எண்ணெய், சந்தனம் வேண்டாம். இடம் குறிக்க அவர்கள் தோலில் மையால் வரைந்த கோட்டைத் தேய்த்துக் கழுவாதீர்கள். இடுப்பில் எது இருந்தாலும் கழற்றுங்கள். பயமாக இருந்தால் பயந்துகொண்டே கழற்றலாம். வாசலில் ஒருவர் நின்றால் போதும்.